கல்முனையின் வரலாற்றை இணையத்தில் தேடுதல்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கல்முனை இருக்கிறது. வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஒரே பிரதான வீதியின் இருபுறமும் ஊர்கள் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றன. மருதமுனை நெசவுக்குப் பேர் பெற்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீப்பள்ளயம் நடக்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில் பேசும் மொழி ஒன்றே. தாய்வழிக் குடிமுறையும் இரு சமூகங்களுக்கும் பொது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் உவமை இங்கே வழங்கி வருவது.

ஆனாலும் கல்முனை பிரிந்த நகரம். பெல்பாஸ்டில் போல் மதிலோ, நிக்கோசியாவில் போல் முட்கம்பி வேலியோ இங்கு கிடையாது. பிரிவு அலுவலகங்களில் இருக்கிறது. ஒரு நகரத்துக்குப் பிரதேச செயலகம் ஒன்று, அதன் தரம் என்ன என்று இன்னும் வழக்காடப்படும் வடக்குச் செயலகம் ஒன்று, ஆதார வைத்தியசாலைகள் இரண்டு. இந்தப் பிரிவு இணையத்துக்கும் போயிருக்கிறது. ஒரு சமூகத்தின் தளங்களில் எழுதப்படும் கல்முனையின் கதையும் மற்றதன் தளங்களில் எழுதப்படும் கதையும் ஒரே ஊரைப் பற்றியவை என்று வெளியூர் வாசகர் ஒருவர் நம்பத் தயங்குவார். ஒரு பக்கத்தில் தொடங்கும் மாணவர் அந்தப் பக்கத்திலேயே முடித்துவிடுவதற்கான வாய்ப்பு மிக அதிகம். தேடுபொறியும் முகநூலும் அவர் முன்பு பார்த்ததையே மீண்டும் அவருக்கு நீட்டுகின்றன. வரலாற்றுப் பாடத்தின் ஒப்படைக்காகவோ உயர்தர வகுப்பின் செயற்றிட்டத்துக்காகவோ ஊரைப் பற்றி எழுதும் பிள்ளைக்குத் தகவல் தாராளமாகக் கிடைக்கிறது. அதைச் சோதிக்கும் பழக்கத்தைத்தான் ஆசிரியர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் பாடம் பெயர்களைப் பற்றியது. கல்முனை என்று தேடினால் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அகப்படாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் கரவாகுப்பற்று. அதன் தெற்கே நிந்தவூர்ப்பற்று, மேற்கே சம்மாந்துறைப்பற்று. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். ஆகவே 1961க்கு முந்திய எதையும் மட்டக்களப்பின் கீழ் தேட வேண்டும். தேர்தல் முடிவுகளைத் தேடுபவருக்கு அம்பாறை என்ற சொல்லும் உதவாது, தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. முஸ்லிம்கள் குடிசனமதிப்பீட்டில் சோனகர் என்றும் ஆங்கில அறிக்கைகளில் மூர் என்றும் வருவார்கள். சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, காரைதீவு போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஓர் ஊருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்கும் மாணவர், மற்றவர் ஒரு வாரத்தில் காணாததை ஒரு மாலையில் கண்டுவிடுவார்.

எல்லை மாறியதை மறந்தால் எண்களும் ஏமாற்றும். மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 1953இல் 2.7 லட்சமளவில் இருந்து 1963இல் 2 லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. சனம் எங்கும் போய்விடவில்லை, அம்பாறை பிரிக்கப்பட்டது. கல் ஓயாத் திட்டத்தில் 1949 முதல் நடந்த குடியேற்றமும் புதிய மாவட்டத்தின் இன விகிதத்தில் தெரியும். 1981க்குப் பிறகு 1991இல் மதிப்பீடு நடக்கவில்லை. 2001 மதிப்பீடு அம்பாறையில் முழுமையாக நடந்தது, உள்நாட்டுப் போரினால் மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. 2012இல் அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 6.5 லட்சம், அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 அளவில், சிங்களவர் 39 அளவில், தமிழர் 17 அளவில். இந்த எண்கள் அரசியல் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பவை. எந்த ஆண்டின் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டவை என்று கேட்காமல் அவற்றை ஒப்படையில் எழுத விடக்கூடாது.

எழுத்துருவின் வில்லங்கமும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இயங்கின. அந்தப் பக்கங்கள் தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்களாகவே தெரியும். போரின் கடைசிக் காலம் வரையான செய்திகளில் பல இப்படி மறைந்து கிடக்கின்றன, தளத்தோடு அழிந்துபோனவையும் உண்டு. பழைய தளத்தின் முகவரி தெரிந்தால் இன்ரநெற் ஆர்க்கைவின் பின்னோக்கிப் பார்க்கும் கருவியில் சில பக்கங்களை மீட்கலாம். வருடப்பட்ட பழைய நூல்களும் பெரும்பாலும் படங்களே. அவற்றின் உள்ளே சொல் தேட முடியாது. நூற்பட்டியலைப் பார்த்து, பொருளடக்கத்தைப் படித்து, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

புரட்டுவதற்கு இடம் இருக்கிறது என்பது இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பேறு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்று கிடைப்பதையெல்லாம் வருடி இலவசமாகத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட இழப்பின் நினைவு இந்த முயற்சியின் பின்னால் உண்டு. அந்த எரிப்பைப் பற்றி மிகப் பரவலாக அறியப்பட்ட தமிழ்க் கவிதையான ‘புத்தரின் படுகொலை’யை எழுதிய எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்தவர். இதைக் கல்முனையின் எல்லா வகுப்பறைகளிலும் சொல்ல வேண்டும். சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ். எச். எம். ஜெமீல் இலங்கை முஸ்லிம்களின் தமிழ் எழுத்துகளைத் தேடித் தொகுத்த ‘சுவடி ஆற்றுப்படை’ என்ற நூற்பட்டியல் தொகுதிகள் 1990களில் வெளிவரத் தொடங்கின. தேடுபொறிக்கு முந்திய தேடல் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் இல்லை. எந்த நூலைத் தேடுவது என்றே தெரியாத மாணவருக்கு இன்றும் அதுதான் வாசல்.

இனி ஒரு கூற்றை எடுத்து அதன் வேர் வரை போய்ப் பார்க்கலாம். 1987 வரை கல்முனையில் நான்கு தனித்தனி உள்ளூராட்சி சபைகள் இருந்தன என்ற கூற்று இணையத்தில் எங்கும் காணப்படுகிறது. கல்முனைப் பட்டினசபை, கரவாகு வடக்கு, கரவாகு மேற்கு, கரவாகு தெற்குக் கிராமசபைகள் என்பவையே அந்த நான்கு. கரவாகு தெற்கு என்பது சாய்ந்தமருது. இந்த நான்கும் ஒன்றாக்கப்பட்டதால் தங்கள் சபையை இழந்தோம் என்பது சாய்ந்தமருது மக்களின் நீண்டகால முறையீடு. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெரிய பள்ளிவாசலின் ஆதரவோடு நின்ற சுயேச்சைக் குழு அங்கு பெருவெற்றி பெற்றதற்கு இந்த முறையீடே காரணம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை அமைக்கும் வர்த்தமானி வெளியானது. சில நாட்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது.

மாணவர் முதலில் பார்ப்பது முகநூல் பதிவு. பதிவு ஒரு செய்திக் கட்டுரையைக் காட்டும், கட்டுரை ஓர் அரசியல்வாதியின் உரையைக் காட்டும். பெரும்பாலானோர் அங்கே நின்றுவிடுவார்கள். நிற்காமல் சட்டத்துக்குப் போனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிடைக்கும். அதைப் படிக்கும்போது ஒரு நெருடல் எழும்: பட்டினசபைகளையும் கிராமசபைகளையும் ஒழித்தது இந்தச் சட்டமா? இல்லை. 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின்படி 1981இல் நாடெங்கும் பட்டினசபைகளும் கிராமசபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. ஆகவே கரவாகு தெற்குக் கிராமசபை மறைந்தது 1987இல் என்று சொல்வது பிழை. அது மறைந்து அப்போது ஆறு ஆண்டுகளாகிவிட்டன. 1987 செய்தது வேறு. பழைய சிறு சபைகளுக்கு உயிர் கொடுக்காமல், உதவி அரசாங்க அதிபர் பிரிவின் எல்லையை ஒட்டி ஒரே பிரதேச சபையை அது அமைத்தது. பின்னர் தரம் உயர்த்தப்பட்டு, 2001இல் கல்முனை மாநகர சபையானது.

இந்தத் திருத்தத்தால் சாய்ந்தமருதின் கோரிக்கைக்குப் பாதகம் எதுவுமில்லை. தனிச் சபை இருந்தது என்ற அடிப்படை உண்மை அப்படியே நிற்கிறது, ஆண்டு மட்டும் மாறுகிறது. ஆனால் யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற கேள்விக்கு விடை மாறிவிடுகிறது. தங்கள் ஊரை மட்டும் குறிவைத்து நடந்ததாக நம்பப்பட்ட ஒன்று, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான சபைகளுக்கு நடந்தது என்று தெரிகிறது. நான்கு தாள்களைப் புரட்டி இந்த முடிவுக்குத் தானே வந்து சேரும் பதினாறு வயதுப் பிள்ளை வரலாறு என்றால் என்ன என்பதை ஒரு தவணைப் பாடத்தைவிட நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

வடக்குச் செயலகத்தின் கதையிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். தமிழ் மக்கள் அதிகமாக வாழும் பகுதிக்காக 1989இல் ஓர் உப அலுவலகம் திறக்கப்பட்டது. அதைத் தரமுயர்த்த 1993இல் அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறாமலே ஆண்டுகள் ஓட, 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது, அதற்கு எதிராக முஸ்லிம்களின் சத்தியாக்கிரகமும் நடந்தது. 2024இல் தமிழ் மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். இதைப் பற்றி எழுதும் பக்கம் ஒவ்வொன்றும் அலுவலகத்தை எப்படி அழைக்கிறது என்று பார்த்தாலே எழுதியவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒருவருக்கு அது கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், இன்னொருவருக்கு உப பிரதேச செயலகம். 2012 குடிசனமதிப்பீடு அதைக் கல்முனை தமிழ்ப் பிரிவு என்று குறிக்கிறது. மூன்று பெயர்களையும் தேடாதவர் மூன்றில் ஒரு பங்குதான் படிக்கிறார். நிலத்தொடர்பும் எல்லையும் பற்றி இரு தரப்பும் முன்வைக்கும் கோரிக்கைகளைப் பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்ட்டில், அவரவர் பிரதிநிதி பேசிய சொற்களிலேயே படிக்கலாம். செய்தித் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது.

பழைய காலத்துக்குப் போகும்போது ஆதாரம் மெலிகிறது, உறுதி மட்டும் கூடுகிறது. 1626 அளவில் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் தங்கள் பகுதிகளிலிருந்து வெளியேற்றியபோது கண்டி அரசன் செனரத் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற செய்தி எண்ணற்ற தளங்களில் இருக்கிறது. கிழக்கு முஸ்லிம்கள் வந்து குடியேறியவர்கள் என்று நிறுவ ஒருவர் அதைக் காட்டுவார். மன்னனே தந்த நிலம் என்று நிறுவ இன்னொருவர் அதையே காட்டுவார். சங்கிலியைப் பின்தொடர்ந்து போனால் அது போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸின் நூலில் முடியும். அவர் இலங்கைக்கு வந்து பார்த்து எழுதியவர் அல்லர், நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் கோவாவில் இருந்து எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் கொழும்பில் வெளிவந்தது. அந்தக் குடியேற்றத்துக்கு முன் இந்தக் கரையில் முஸ்லிம்கள் இல்லை என்ற முடிவை அந்தச் செய்தியிலிருந்து எடுக்க முடியாது. அதைத்தான் பலர் எடுக்கிறார்கள்.

முக்குவர், திமிலர் என்ற இரு சாதியாருக்கும் இடையே நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள் என்ற மரபு இன்னொரு வகை. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ போன்ற ஏடுகளையும் வாய்மொழியையும் நம்பி அது நிற்கிறது. போர் எந்த ஆண்டில் நடந்தது என்று அதில் தேடுவது வீண். ஒரே குடிப் பெயர்கள் இரு சமூகங்களிலும் வழங்குவதை முன்னோர் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை அந்தக் கதை சொல்கிறது, அந்த வகையில் அது அரிய ஆவணம். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் நூல் 2008இல் வெளிவந்தது. குடிமுறை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றை இரு சமூகங்களிலும் அருகருகே வைத்து அவர் எழுதியிருக்கிறார். மான்மியத்தையும் அவரையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் கதைக்கும் கள ஆய்வுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்வார்.

மிகக் கடினமான ஆண்டு 1990. அந்த ஜூனில் விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றினார்கள். சரணடைந்த பல நூறு சிங்கள, முஸ்லிம் பொலிசார் கொல்லப்பட்டார்கள். பின்னர் இராணுவம் கல்முனைக்குள் நுழைந்தபோது தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஜூலையில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகளும், ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், அடுத்த வாரம் ஏறாவூர் முஸ்லிம்களும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ஒரு பக்கத்து நினைவேந்தல் தளங்கள் ஜூனைச் சொல்லி நிற்கும், மறுபக்கத்தவை ஆகஸ்டில் தொடங்கும். 1991 மே மாதத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் வெளியிட்ட ஏழாம் அறிக்கை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நேர்ந்தவற்றைச் சேர்த்தே பதிவு செய்தது, அது இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. ஆசிரியர் உட்கார்ந்து வகுப்போடு சேர்ந்து படிக்க வேண்டிய ஆவணம் அது. 1990ஐப் பற்றி வீட்டில் கேட்டறிந்ததை எழுதும்போது உயிரோடிருப்பவர்களின் பெயரை இணையத்தில் போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பிற பிரிந்த நகரங்களில் இதற்குச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். வட அயர்லாந்தில் அல்ஸ்டர் பல்கலைக்கழகம் 1990களிலேயே அந்நாட்டு மோதலின் ஆவணங்களை ஓர் இணையக் காப்பகமாகத் திரட்டியது. இரு தரப்புச் சுவரொட்டிகளும் சுவரோவியங்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சைப்பிரஸில் 2003இல் அமைக்கப்பட்ட வரலாற்று உரையாடலுக்கான சங்கம், நிக்கோசியாவின் இரு பாதிகளுக்கும் இடைப்பட்ட ஐ.நா. வலயத்திலேயே 2011இல் தன் இல்லத்தைத் திறந்தது. இஸ்ரேலியப் பேராசிரியர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனப் பேராசிரியர் சாமி அத்வானும் ஆசிரியர்களைக் கூட்டி உருவாக்கிய பாடநூலில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்திகளாகப் பிரிந்தது. ஓரங்களில் இரு தரப்புக் கதைகள். நடுப்பத்தி வெறுமை, மாணவர் எழுதுவதற்காக. கல்முனைக்கு மிகவும் பொருந்துவது இந்த மூன்றாவது முறை. செலவில்லாதது, ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். மேலே சொன்ன 1990ஐ அப்படி எழுதப் பணித்தால் நடுப்பத்தியை நிரப்ப ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

தளங்களை எடைபோடும் முறையில் அமெரிக்கப் பேராசிரியர் சாம் வைன்பேர்க் குழுவினரின் ஆய்வு பயனுள்ளது. வரலாற்றாசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் சில தளங்களைக் கொடுத்துப் பார்த்ததில் சரிபார்ப்பாளர்களே முந்தினார்கள். மற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டிருக்க, அவர்கள் உடனே வெளியேறி அந்தத் தளத்தைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விக்கிப்பீடியாவில் கல்முனை பற்றிய பக்கத்தைத் திறக்கும் மாணவர் கட்டுரைக்கு முன் வரலாற்றையும் உரையாடலையும் காட்டும் தாவல்களைச் சொடுக்க வேண்டும். எந்த வாக்கியம் எப்போது யாரால் மாற்றப்பட்டது என்பது அங்கே திகதியோடு இருக்கும்.

எவ்வளவு தேடினாலும் இணையத்தில் இல்லாதவை உண்டு, கல்முனையின் வரலாற்றில் பெரிய பங்கு அவைதாம். பள்ளிவாசல் மரைக்காயர் சபைகளின் குறிப்புப் புத்தகங்கள், கோயில் கணக்குகள், காணி உறுதிகள், தறிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கப் பதிவுகள், இரு சமூகத்துப் போடியார்களும் (பெரு நிலக்காரர்களும்) ஒரே வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்ட குறிப்புகள் ஆகியவை வீட்டு அலுமாரிகளில் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இந்தக் கரை நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பைக் கண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு அலுமாரிகளும் போயின. எஞ்சியவற்றைக் கறையானும் ஈரமும் தின்கின்றன.

எஞ்சியதைக் காக்க வழியுண்டு. 1995இல் தொடங்கி ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்முனையிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் தொலைபேசி இருக்கிறது. ஒப்படை எழுதும் பிள்ளை, தன் ஊரில் ஒரு தாளையும் பக்கத்து ஊரில் ஒரு தாளையும் உரியவரின் அனுமதியோடு படமெடுத்து, திகதியும் இடமும் குறித்து நூலகம் போன்ற பொதுக் காப்பகத்துக்கு அனுப்பட்டும். பக்கத்து ஊர்த் தாள் என்ற நிபந்தனையை எந்த ஆசிரியரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.